ஏழு எம்.பி.க்குள் ஒரு குமிழி

எங்கள் ஃபேக்டரி லைனுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “அக்கா, போன்ல எடுத்த வீடியோவ மெயில்ல அனுப்பணும், போவ மாட்டேங்குது. எப்பிடிச் சின்னதாக்குறது?” எந்தப் பட்டனை அழுத்துவது என்று காட்ட அரை நிமிஷம் போதும். ஆனால் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் முக்கால்வாசி வேலை. அது எனக்கு ஒரே நாளில் புரிந்தது. அந்த நாளை எழுதி வைக்கிறேன்.

1. புனேயிலிருந்து ஒரு மெயில்

காலை ஒன்பதரை இருக்கும். ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் மேஜையில் அளவு பார்க்கிற கேஜ்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் குவாலிட்டி மேனேஜர் குணா சார் கண்ணாடிக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் பிரிண்ட் எடுத்த ஒரு தாள்.

“எலிசாம்மா, போன வாரம் புனேவுக்குப் போன லாட்டு, லீக் டெஸ்ட் யாரு?”

“செல்வி சார்.”

“முழு லாட்டுமா?”

“ஆமா சார். ஷீட்ல நான்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“அவ்ளோதான். அந்தப் பொண்ணு கதை முடிஞ்சுது.”

நான் பத்தாம் வகுப்பு முடித்தவள். முதலில் கும்மிடிப்பூண்டி பழைய எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் இருந்தேன். பிறகு தேர்வாய் கண்டிகையில் இந்தக் கம்பெனிக்கு வந்தேன். இங்கே அலுமினியத்தில் வால்வு ஹவுசிங் செய்கிறோம். உள்ளங்கையில் அடங்குகிற பீஸ். அதற்குள் காற்று ஓடும், அதனால் எங்கேயும் கசியக்கூடாது. பஞ்சர் கடையில் டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பார்களே, எங்கள் லீக் டெஸ்டும் அதுதான். பீஸின் இரண்டு வாயையும் ரப்பர் வைத்து கிளாம்ப் போட்டு அடைப்போம். உள்ளே காற்று கொடுத்து, தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, நாற்பது செகண்ட் பார்ப்போம். குமிழி வந்தால் பீஸ் சிவப்புப் பெட்டிக்குப் போகும். வராவிட்டால் பச்சைப் புள்ளி வைத்து அனுப்புவோம்.

மெயில் இங்கிலீஷில் இருந்தது. குணா சார் சொன்னதன் சாரம் இது. எங்கள் லாட்டிலிருந்து பத்து பீஸ் எடுத்து அவர்கள் தொட்டியில் போட்டிருக்கிறார்கள். ஆறு கசிந்திருக்கிறது. மேற்கொண்டு அவர்கள் எழுதியிருந்தது: உங்கள் ஆள் சோதிக்கவே இல்லை என்று நினைக்கிறோம். மூன்று மணிக்கு எங்கள் மீட்டிங். லாட்டைத் திருப்பி அனுப்புவதா என்று அதில் முடிவெடுப்போம். அதற்குள் உங்கள் லீக் டெஸ்டை வீடியோ எடுத்து மெயிலில் அனுப்புங்கள். ஒரே ஷாட்டாக இருக்க வேண்டும், நடுவில் வெட்டக்கூடாது. லிங்க் அனுப்பாதீர்கள், எங்கள் ஆபீசில் திறக்காது. வாட்ஸ்அப்பில் வந்தால் ரெக்கார்டில் சேராது. மெயில் பத்து எம்.பி.யைத் தாண்டினால் எங்கள் சர்வர் வாங்காது.

“லாட்டு திரும்பி வந்துச்சுன்னா நாளைலேர்ந்து அந்தப் பொண்ணை அனுப்ப வேணாம்னு கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிடுவேன். வேற வழி இல்ல. மேல பதில் சொல்லணும்” என்றார் குணா சார்.

செல்வி மூன்று வருஷமாகக் கான்ட்ராக்டில் இருப்பவள். கம்பெனி ரோலில் நிரந்தரமாக எடுக்கப் போகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அடுத்த வாரம் போர்டில் ஒட்டுவதாக இருந்தார்கள். அவள் ஒரு பீஸைக்கூடப் பார்க்காமல் விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பக்கத்து மேஜையிலிருந்து தினமும் பார்க்கிறேன். அதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு நாலு பேர் நடுவில் வாய் வராது. மீட்டிங்கில் பெயரைக் கூப்பிட்டாலே காது சூடாகிவிடும். தலையை ஆட்டிவிட்டு கேஜைத் துடைத்தேன்.

செல்வியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். ஈரக் கையோடு நின்றாள்.

“ஒரு பீஸு உடல அக்கா நானு. சாமி சத்தியமா. நாஷ்டா துன்னப் போவும்போதுகூட டேங்க்ல பீஸ வுட்டுட்டுப் போனது கெடையாது.”

“தெரியும்டி.”

“தெரியும்னா சார்கிட்ட சொல்லக்கூடாதா?”

நான் என் மேஜைக்குத் திரும்பினேன்.

2. தொள்ளாயிரம் எம்.பி.

எங்கள் கம்பெனியில் உள்ளே நுழையும்போதே செக்யூரிட்டி எல்லார் போனிலும் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். படம் எடுக்க அனுமதி உள்ளது ஒரே ஒரு கம்பெனி போன். அதை குணா சார் எடுத்துக்கொண்டு லைனுக்கு வந்தார். டெஸ்பாட்ச் கிளார்க் ரமேஷ் கையில் கொடுத்து, “நல்லா தெளிவா எடுப்பா. இருக்குறதுலயே பெரிய குவாலிட்டி வை” என்றார். ரமேஷ் ஃபோர்-கே வைத்தான்.

அந்த வீடியோவை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. குணா சார் முதலில் கேமராவைப் பார்த்து வணக்கம் சொன்னார். கம்பெனி எப்போது ஆரம்பித்தது என்று சொன்னார். ரமேஷ் நடந்துகொண்டே சுவரில் உள்ள சர்டிஃபிகேட், சுத்தம் பற்றிய போர்டு, ஆயுதபூஜைக்கு வைத்த பெரிய சந்தனப் பொட்டு எல்லாவற்றையும் காட்டினான். கடைசியில் தொட்டிக்கு வந்தான். மேலே ஃபேன் சுற்றியதில் தண்ணீர் சிலுசிலு என்று அசைந்தது. செல்வி ஒரு பீஸை இறக்கி, நாற்பது செகண்ட் வைத்து, எடுத்தாள். இரண்டு நிமிஷம் நாற்பது செகண்ட். சைஸ் தொள்ளாயிரம் எம்.பி.யைத் தாண்டியிருந்தது.

“சார் மூஞ்சிதான் முக்கால்வாசி வருது. கல்யாண வீடியோ மாதிரி கீது” என்று செல்வி என் காதில் சொன்னாள். வேலை போகப்போகிற நேரத்திலும் அவள் வாய் சும்மா இருக்காது.

வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் முன்னால் இருந்ததை எடுக்க முடியவில்லை. ரமேஷ் வீடியோவைக் கம்ப்யூட்டரில் போட்டு, “ஜிப் பண்ணா சின்னதாயிடும் சார்” என்றான். பத்து நிமிஷம் ஓடியது. தொள்ளாயிரம், தொள்ளாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்து நின்றது.

“இன்னாப்பா இது, ஒரு துளிகூடக் கொறையல?”

“அதான் சார் தெரியல.”

இதை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். வீடியோ என்பது போன் ஏற்கனவே அமுக்கி மடித்து வைத்த சாமான். அதை இன்னொரு பைக்குள் போட்டால் பைதான் கூடும். எக்செல் ஷீட்டை ஜிப் செய்தால் குறையும், வீடியோ குறையாது.

அடுத்து ரமேஷ் அதை வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி, அது சுருக்கித் தந்ததை எடுத்து, ஒரு வெப்சைட்டில் ஏற்றி மறுபடி சுருக்கினான். ஒன்பதரை எம்.பி. வந்தது. எல்லாரும் கைதட்டாத குறை. குணா சார் மெயிலை அனுப்பிவிட்டு டீ சொன்னார். டீ வருவதற்குள் மெயில் திரும்பி வந்துவிட்டது. சைஸ் அதிகம் என்று போட்டிருந்தது.

“பத்துன்னு சொல்லிட்டு ஒம்போதரைய வாங்க மாட்றான். பேஜாரு புடிச்சவன்” என்றார் குணா சார்.

எனக்குக் காரணம் தெரியும். மெயிலில் ஒரு ஃபைலை மாட்டும்போது அது மெயிலுக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதப்படும். அப்போது மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பத்து எம்.பி. மெயில் என்றால் நாம் மாட்டுகிற ஃபைல் ஏழுக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கலாம். ஏழுக்குள் வைத்துக்கொண்டால் பயமில்லை. இதை ரமேஷ் காதில் மட்டும் விழுகிற மாதிரி சொன்னேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்பதரையை எடுத்து மூன்றாம் முறை பிழிந்தான். ஆறே முக்கால் வந்தது. மெயில் போனது. அப்போது மணி பன்னிரண்டு.

பன்னிரண்டே முக்காலுக்குப் பதில் வந்தது. புனேயில் எங்கள் பீஸுக்குப் பொறுப்பானவர் பிரபு சார். கோயம்புத்தூர்க்காரர், அங்கே போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அவர் எழுதியது: வீடியோ கிடைத்தது. தண்ணீர் எது, பீஸ் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இதில் குமிழி வந்தால்கூட எனக்குத் தெரியாது. இதை மீட்டிங்கில் காட்ட முடியாது.

நாங்களும் திறந்து பார்த்தோம். தொட்டி இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் கட்டங்களாக ஏதோ நெளிந்தது. செல்வியின் கை கையுறை மாதிரி இருந்தது. அன்று அவள் கையுறை போடவில்லை.

குணா சார் போனை எடுத்தார். கான்ட்ராக்டர் பெயரைத் தேடுகிறார் என்று புரிந்தது.

3. அம்மாவும் வேப்பமரமும்

இந்த இடத்தில் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. அந்தக் கப்பலில் நடுக்கடலில் போன் எடுக்காது. கப்பலின் மெயிலுக்கு ஏதாவது அனுப்பினால் போகும், அதுவும் இரண்டு எம்.பி.க்குள் இருந்தால்தான். எங்கள் அம்மா பேசுவதை நான் வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்புவேன்.

முதல் தடவை அம்மாவை வாசலில் வேப்பமரத்துக்கு முன்னால் உட்கார வைத்து எடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. இரண்டு எம்.பி.க்குச் சுருக்கினேன். தம்பி பதில் எழுதினான்: “அம்மா குரல் வருது, மூஞ்சி மெழுகு மாதிரி உருகிப் போயிருக்கு.” அடுத்த தடவை மழை. வீட்டுக்குள் வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார வைத்து, போனை அரிசி டப்பா மேல் சாய்த்து எடுத்தேன். அதே நீளம், அதே இரண்டு எம்.பி. இந்தத் தடவை அம்மா மூக்குத்தி மின்னுவதுகூடத் தெரிகிறது என்று எழுதியிருந்தான்.

ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. பிறகு நெட்டில் ஒருவர் தமிழில் விளக்கியதைக் கேட்டேன். வீடியோ ஒவ்வொரு படத்தையும் முழுதாக எழுதி வைப்பதில்லை. முந்தின படத்திலிருந்து எது மாறியதோ அதைத்தான் எழுதுகிறது. மரத்தில் ஆயிரம் இலை ஆடினால் ஆயிரம் மாற்றம். இருக்கிற கொஞ்ச இடத்தை இலைகள் தின்றுவிட்டால் முகத்துக்கு மிச்சமில்லை. சுவர் அசையாது. அதனால் முழு இடமும் முகத்துக்குக் கிடைத்தது.

ரமேஷ் நடந்துகொண்டே எடுத்ததில் சுவர், போர்டு, ஃபேன் நிழல், தண்ணீர் எல்லாமே ஆடின. எங்கள் தொட்டி முழுக்க வேப்பிலை.

குணா சார் போனைக் காதில் வைத்துவிட்டார். மணி அடிப்பது எனக்கும் கேட்டது. இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

“சார், வச்சிடுங்க சார்.”

என் குரல்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை. மேஜையைச் சுற்றி நின்ற எல்லாரும் திரும்பினார்கள்.

“இன்னாம்மா?”

“வேற வீடியோ எடுக்கலாம் சார். நான் எடுக்குறேன்.”

“ரமேஷாலயே முடியல, நீ இன்னாம்மா பண்ணப்போற?”

“ஏழு எம்.பி.ல தெளிவா வரும் சார். எனக்குத் தெரியும்.” இவ்வளவு பேசியதற்கே எனக்கு மூச்சு வாங்கியது. “ஃபேனை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க.”

குணா சார் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து அணைத்தார். “ரெண்டரைக்குள்ள” என்றார்.

4. ரெட் பீஸ்

சாப்பாட்டு நேரம். லைனில் கூட்டம் இல்லை, அது வசதியாகப் போனது.

கம்பெனி போனில் ஃபோர்-கேயை மாற்றி, அதைவிடச் சின்ன அளவான எழுநூற்று இருபது வைத்தேன். பெரிதாக எடுத்துப் பிறகு நசுக்குவதைவிட, தேவையான அளவில் எடுப்பது நல்லது. டயல் கேஜ் மாட்டுகிற மேக்னெட்டிக் ஸ்டாண்டைத் தொட்டிக்கு எதிரே இரும்பு மேஜையில் ஒட்ட வைத்து, அதன் கம்பியில் போனை நாலு ரப்பர் ஓ-ரிங் போட்டுக் கட்டினேன். தொட்டியின் கண்ணாடிப் பக்கம், காற்று அழுத்த கேஜ், டைமர் இந்த மூன்று மட்டும் தெரிகிற மாதிரி நகர்த்தினேன். ஃபேன் நின்றது. தண்ணீர் அடங்கியது.

செல்வி பேக்கிங்கிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். “அக்கா, பின்னாடி இத்த வெச்சா பபுள் வெள்ளையாத் தெரியும் இல்ல?” எனக்குத் தோன்றவே இல்லை. கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. தொட்டிக்குப் பின்னால் ஷீட்டைத் தொங்கவிட்டு, எமர்ஜென்சி லைட்டைப் பக்கவாட்டில் வைத்தோம். மேலே எரிந்த டியூப்லைட்டை அணைத்ததும் தண்ணீர் மேல் இருந்த பளபளப்பு போய்விட்டது. தொட்டி இருட்டில் சுத்தமாகத் தெரிந்தது.

“எடுக்கலாமா?” என்றார் குணா சார்.

செல்வி வழக்கம்போல அலமாரியைத் திறந்து ரெட் பீஸை எடுத்தாள்.

ரெட் பீஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஷிஃப்டும் ஆரம்பிக்கும்போது லீக் டெஸ்டில் முதலில் போடுவது நல்ல பீஸ் அல்ல. ஊசி அளவுக்கு ஒரு ஓட்டை நாமே போட்டு, சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிற பீஸைத்தான் போடுவோம். ஓட்டையைச் சுற்றி மஞ்சள் வட்டம் இருக்கும். அதை இறக்கினால் மஞ்சள் வட்டத்திலிருந்து குமிழி வர வேண்டும். வந்தால் காற்று சரி, தொட்டி சரி, பார்க்கிறவர் கண்ணும் சரி. வராவிட்டால் அன்றைக்கு ஒரு பீஸையும் சோதிக்கக்கூடாது.

“அத்த எதுக்கு எடுக்குற?” என்று குணா சார் குரலை உயர்த்தினார். “காலைலயே அத்த வேணாம்னுதான் சொன்னேன்!”

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. காலை வீடியோவிலும் செல்வி ரெட் பீஸோடுதான் ஆரம்பிக்கப் போயிருக்கிறாள். சார்தான் தடுத்திருக்கிறார்.

“லீக்கு லீக்குன்னு அவன் கத்திக்கினு கீறான். நாமளே லீக் ஆவுற பீஸ வீடியோல காட்றதா? நம்ம தலைல நாமளே மண்ண வாரிப் போட்டுக்கறதா? நல்ல பீஸா ஒண்ணு எடுத்துப் போடு.”

செல்வி பீஸைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று ஐம்பது.

“சார்” என்றேன். “பிரபு சார் இன்னா எழுதினாரு? பபுள் வந்தாக்கூட எனக்குத் தெரியாதுன்னு எழுதினாரு. நாம நல்ல பீஸ மட்டும் காட்டினா, பபுள் வரலயா, இல்ல வந்தும் வீடியோல தெரியலயான்னு அவருக்கு எப்பிடித் தெரியும்? அதே கேள்விதான் திரும்ப வரும். ரெட் பீஸ்ல பபுள் தெரிஞ்சா, அடுத்த பீஸ்ல தெரியாததுக்கு அர்த்தம் கீது சார்.”

குணா சார் செல்வி கையிலிருந்த பீஸைப் பார்த்தார்.

“செல்வி டெஸ்ட் பண்றதே இல்லன்னுதானே அவங்க சொல்றாங்க. இதான் சார் அவ டெஸ்ட் பண்றதுக்கு சாட்சி. இத்த மறைச்சா அவளுக்கு வேற ஒண்ணும் இல்ல.”

“திருப்பி அனுப்பிட்டான்னா?”

“ஷீட்ல என் கையெழுத்தும் கீது சார். அவளோட சேத்து என்னையும் அனுப்பிடுங்க.”

இதைச் சொல்ல வேண்டும் என்று நான் முன்னாலேயே யோசித்திருக்கவில்லை. குணா சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “எடும்மா. ஆனா என் மூஞ்சி வேணாம்” என்றார்.

“ஐயோ, சார் இல்லாத படமா?” என்றாள் செல்வி. அந்த நேரத்தில் அவள் அப்படிச் சொன்னதற்கு குணா சாரே சிரித்துவிட்டார்.

5. ஆறு புள்ளி எட்டு

முதல் தடவை கிளாம்பிலிருந்து சொட்டிய தண்ணீர் கண்ணாடியில் வழிந்து படத்தைக் கெடுத்தது. துடைத்துவிட்டு இரண்டாவது தடவை எடுத்தோம். நடுவில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் போய் அதன் மஞ்சள் லைட் கண்ணாடியில் சுழன்றது. ரமேஷ் ஓடிப்போய் வழியில் செயின் கட்டி மறித்துக்கொண்டு நின்றான்.

மூன்றாவது தடவை செல்வி ரெட் பீஸைக் கேமரா முன் ஒரு கணம் காட்டிவிட்டு இறக்கினாள். கேஜில் முள் ஏறி நின்றது. மூன்று எண்ணுவதற்குள் மஞ்சள் வட்டத்திலிருந்து கடுகளவு ஒரு குமிழி கிளம்பியது. பிறகு இன்னொன்று. கறுப்பு ஷீட்டுக்கு முன்னால் வெள்ளையாக, ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. அவள் அதை எடுத்து வைத்துவிட்டு, அதே கிளாம்பில் லைனிலிருந்து வந்த பீஸைப் போட்டாள். பீஸ் நம்பரைக் காட்டினாள். இறக்கினாள். நாற்பது செகண்ட். ஒன்றும் வரவில்லை. பீஸ் நம்பர் மறுபடி, பச்சைப் புள்ளி, முடிந்தது. ஒரு நிமிஷம் முப்பத்தைந்து செகண்ட். ஒரே ஷாட்.

மணி இரண்டு பதினெட்டு. ஃபைல் நூற்று நாற்பது எம்.பி. சொச்சம்.

தம்பிக்கு அனுப்பப் பயன்படுத்துகிற ஆப்பை குணா சாரிடம் கேட்டுக் கம்பெனி போனில் இறக்கினேன். அதில் எவ்வளவு எம்.பி. வேண்டும் என்று நாமே சொல்லலாம். ஏழு என்று போட்டேன். சத்தத்தை எடுத்துவிட்டேன், கம்ப்ரசர் இரைச்சல் பிரபு சாருக்கு எதற்கு? அது போனதும் அந்த இடமும் படத்துக்குக் கிடைத்தது. செகண்டுக்கு முப்பது படம் என்பதைப் பதினைந்தாகக் குறைத்தேன். குமிழி மெதுவாகத்தான் ஏறுகிறது, பதினைந்து தாராளம். ஓகே கொடுத்தேன். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. எழுபது சதவீதத்தில் நின்றுவிட்டது போல இருந்தது. ரமேஷ் போனை ஆட்டப் போனான், செல்வி அவன் கையில் ஒரு அடி வைத்தாள்.

ஆறு புள்ளி எட்டு.

“தொற, தொற” என்றார் குணா சார். போனில் பார்க்கக்கூடாது, சின்னத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். ஆபீசுக்கு ஓடி, பிரபு சார் பார்ப்பது போலக் கம்ப்யூட்டரின் பெரிய திரையில் போட்டோம். ரெட் பீஸ் இறங்கியது. மஞ்சள் வட்டம் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“தோ! தோ வருது!” செல்வி கத்தினாள். “அக்கா, பபுளு! கண்ணத் தொறக்கா!”

தெரிந்தது. கடுகளவுக் குமிழி, ஒன்று, இரண்டு, மூன்று, எண்ணலாம் போல. தொள்ளாயிரம் எம்.பி.யில் இல்லாத குமிழி ஆறு புள்ளி எட்டில் இருந்தது. நான் அன்று ஆபீசுக்குள் சத்தமாகச் சிரித்தேன். அதுவரை அங்கே சிரித்ததாக ஞாபகம் இல்லை.

இரண்டு நாற்பத்தொன்றுக்கு மெயில் போனது. திரும்பி வரவில்லை.

6. எங்கேயிருந்து வருகிறது

மூன்று மணி ஆனது. மூன்றே கால் ஆனது. குணா சார் உட்காரவில்லை. செல்வி லைனுக்குப் போகாமல் கதவோரம் நின்றாள். மூன்றரைக்கு ஆபீஸ் போன் அடித்தது. சார் ஸ்பீக்கரில் போட்டார்.

“குணா சார், பிரபு பேசறனுங்க. வீடியோவை மீட்டிங்ல போட்டோம். அந்தச் சிவப்புப் பீஸ் எதுக்குங்க?”

குணா சார் வாயைத் திறந்தார். பிறகு செல்வியைக் கையால் கூப்பிட்டார். “டெஸ்ட் பண்ற பொண்ணே சொல்லும் சார்.”

செல்வி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “அது ஓட்டை போட்ட பீஸு சார். மொதல்ல அத்தப் போட்டு பபுள் வருதான்னு பாத்துக்கினுதான் மத்ததப் போடுவேன். டெய்லி. பபுள் மஞ்சா வட்டத்துலேர்ந்துதான் வரணும். வேற எங்கனா வந்தா கிளாம்ப் ரப்பர் போச்சுன்னு அர்த்தம், மாத்திடுவேன்” என்றாள்.



“அதேதானுங்க” என்றார் பிரபு சார். “உங்க வீடியோல பபுள் எங்கிருந்து கிளம்புதுன்னு தெளிவாத் தெரிஞ்சுது. அதைப் பார்த்துட்டு இங்க எங்க டேங்க்ல போய்ப் பார்த்தேன். கசியற ஆறு பீஸ்லயும் ஒரே இடத்துல, வாயோரம் வருது. எங்க ரப்பர் வெடிச்சிருக்குங்க. ரப்பரை மாத்திட்டு ஆறையும் போட்டோம், ஒண்ணும் வரல. லாட்டை வெச்சுக்கறோம். மெயில் இப்ப வரும்.”

குணா சார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இன்னொண்ணுங்க. இந்த வீடியோ யார் எடுத்தது? மத்த சப்ளையர் எல்லாம் அனுப்பறது ஒண்ணுமே தெரியறதில்ல. எப்படி எடுக்கறதுன்னு எழுதி அனுப்பச் சொல்லுங்க.”

செல்வி என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். “நான்தான் சார். எலிசா. எழுதி அனுப்புறேன்” என்றேன்.

அடுத்த வாரம் போர்டில் கம்பெனி ரோல் பட்டியல் ஒட்டினார்கள். செல்வி பெயர் நாலாவதாக இருந்தது. ஸ்வீட் வாங்கக் கடைக்குப் போய், ஸ்வீட்டோடு எனக்கு ஒரு புது ஸ்டீல் டிபன் பாக்ஸும் வாங்கி வந்தாள். ஏன் டிபன் பாக்ஸ் என்று கேட்டேன். “எனக்கு வேற இன்னா வாங்குறதுன்னு தெரியல அக்கா” என்றாள்.

பிரபு சாருக்கு ஒரு பக்கம் எழுதினேன். அதையே இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். போனைக் கையில் பிடிக்காதீர்கள், எதிலாவது கட்டுங்கள். பின்னால் ஒரே நிறமாக ஏதாவது தொங்கவிடுங்கள். அசைகிறதை எல்லாம் நிறுத்துங்கள். சத்தம் தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள். சுருக்கியதை மறுபடி சுருக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் முதலில் எடுத்ததிலிருந்து ஆரம்பியுங்கள். ஏழு எம்.பி.க்குள் வையுங்கள். அனுப்புவதற்கு முன்னால் பெரிய திரையில் பாருங்கள்.

அதில் எழுதாமல் விட்ட ஒன்றை இங்கே எழுதுகிறேன். இடம் கொஞ்சம்தான் என்றால் எதை விடுவது என்று யோசிக்க வேண்டி வரும். அப்போது நம் கை முதலில் போவது நமக்கு வெட்கமாக இருக்கிற பீஸின் மேல்தான். அதை எடுத்துவிட்டு நம் முகத்தை வைத்துக்கொள்வோம். அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பார்க்கிறவருக்கு எதைப் பார்த்தால் நம்பிக்கை வரும் என்று கேளுங்கள். அதை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சம் எல்லாவற்றையும் தாராளமாகச் சுருக்குங்கள்.